ஒரட்டாங்கை நார்த்தங்காய்

என் மரம் எங்கள் தோட்டத்துக்கு ஆரஞ்சு மரமாகத்தான் வந்தது. அது நார்த்தையானதற்கு ஒரு வெள்ளாடும் என் வயிற்றெரிச்சலும் காரணம். வெள்ளாட்டை எப்போதோ மன்னித்துவிட்டேன்.

ராசிபுரத்துக்குத் தெற்கே, நாமக்கல் போகும் பாதையை ஒட்டிய ஊர் எங்களுடையது. மேட்டூர் அணையில் கல் உடைக்கப் போன ஆட்கள் உள்ளங்கை காய்த்துப்போய் ஊர் திரும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நான் மூத்த மருமகளாக அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் கழித்து என் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆயிற்று. வந்தவள் என் மாமியாருக்குச் சொந்த அண்ணன் மகள். எங்கள் பக்கத்தில் பெரியவர் சின்னவர் என்று பார்க்காமல் யாரையும் ‘சாமி’ என்று கூப்பிடுவது உண்டு. என் மாமியார் கறவை மாட்டைக்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவளும் வந்த அன்றைக்கே சாமி ஆகிவிட்டாள். நான் மூன்று வருஷமாக ‘ஏ புள்ள’வாகவே இருந்தேன்.

இதையெல்லாம் எண்ணிக்கொண்டா இருப்பார்கள் என்று கேட்கலாம். நான் எண்ணினேன். அவளுக்கு ஊற்றிய மோரில் ஆடை மிதந்ததா, என் மோரில் மிதந்ததா என்றுகூடப் பார்த்திருக்கிறேன். எனக்குக் குழந்தை இல்லை, அவளுக்கும் இல்லை. அந்த ஒன்றில் மட்டும் நாங்கள் சமம் என்று ஒரு ஆறுதல் இருந்தது. மற்றதில் எல்லாம் அவள் ஒரு படி மேலே நின்றாள், அதுவும் மேலே நிற்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் நின்றாள். அதுதான் எனக்குப் பொறுக்காது.

என் கொழுந்தன் சேர்வராயன் மலையடிவாரத்துக்கு வண்டி கட்டிப் போய், மேலிருந்து இறங்கும் காப்பிக்கொட்டை மூட்டைகளைச் சேலத்துக்கு ஏற்றி வருவார். ஓர் ஆடி மாதம் திரும்பி வரும்போது ஈரச் சாக்கில் வேரைச் சுற்றி இரண்டு கன்றுகள் கொண்டுவந்தார். மலைத்தோட்டத்துக்காரர் ஒருவர் கொடுத்த ஒட்டு ஆரஞ்சு என்றார். ஆளுக்கு ஒன்று நட்டுக்கொள்ளச் சொன்னார் மாமியார். மூத்தவள் என்பதால் என்னை முதலில் எடுக்கச் சொன்னார்கள். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளந்து, அரை விரற்கடை உயரமாக இருந்ததை எடுத்தேன். கிணற்றிலிருந்து தண்ணீர் பாயும் வாய்க்கால் ஓரமாக இரண்டையும் நட்டோம். தண்ணீர் முதலில் என் செடியைத் தொட்டுவிட்டுத்தான் அவள் செடிக்குப் போகும். அந்த இடத்தையும் நான்தான் பார்த்து எடுத்தேன்.

தை மாதம் வெள்ளாடு உள்ளே புகுந்தது. இரண்டு செடியில் என் செடியை மட்டும் ஒட்டக் கடித்துவிட்டுப் போயிற்று. ஒரு சாண் குச்சி மிச்சம் நின்றது. தோட்டத்துப் படலை அவள்தான் சாத்தாமல் வந்துவிட்டாள் என்று மாமியாரிடம் சொன்னேன். அன்று கடைசியாகத் தோட்டத்தைவிட்டு வந்தது நான் என்பது எனக்கு அப்போதே தெரியும். அவளோ, ‘மறந்திருப்பனாட்ட இருக்குது’ என்றாள். பழியை ஏற்றுக்கொள்வதிலும் என்னை முந்திக்கொள்கிறாளே என்று இருந்தது.

ஆனால் அந்தக் குச்சி சாகவில்லை. ஒட்டுக்கட்டின் நார் இருந்த இடத்துக்குக் கீழிருந்து இரண்டு தளிர் கிளம்பிற்று. கிளம்பியது என்றால் அப்படி இப்படி இல்லை. மாரி மழை ஓய்வதற்குள் இடுப்பளவு, அடுத்த வருஷம் என் தலைக்கு மேல். முள் ஒவ்வொன்றும் கோணி ஊசி நீளம். அவள் செடி ஒழுங்காக, அடக்கமாக, முழங்கால் உயரத்தில் நின்றது. வாய்க்கால் பக்கம் போகும்போதெல்லாம் அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். இரண்டையும் பார்த்துவிட்டு, ‘உன்னுதுக்குக் கொஞ்சம் எரு வைக்கோணும் போல’ என்பேன்.

இலையைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அவள் செடியின் இலை சின்னது, காம்பில் எள்ளளவுக்குச் சிறகு போல ஒன்று ஒட்டியிருக்கும். என் இலை உள்ளங்கை அகலம், ஓரத்தில் ரம்பப்பல், காம்பு வெறுங்காம்பு. கசக்கினால் மூக்கில் ஏறுகிற காரநெடி வேறு. பூக்க ஆரம்பித்தபோது அவள் செடியில் மொட்டு பால் வெள்ளையாக வந்தது. என் மொட்டு வெளிப்பக்கம் ஊதா ஓடியிருந்தது. உயர்ந்த ஜாதி, அதனால்தான் நிறம் என்று அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொன்னேன். பொறாமைக்காரிக்குத் தன் பொருளில் இருக்கும் குறையும் சிறப்பாகத்தான் தெரியும்.

நாலாம் வருஷம் இரண்டும் காய்த்தன. அவள் மரத்தில் பதினோரு பழம். சின்னதுதான், தோல் கழன்று, கொஞ்சம் புளிப்பாக. ஆனால் ஆரஞ்சு. சமவெளியில் ஆரஞ்சு காய்த்த அதிசயத்தைப் பார்க்க ஊரே வந்தது. மாமியார் முதல் பழத்தைக் கோயிலுக்குக் கொடுத்தனுப்பினார், சுளை சுளையாகப் பிய்த்து வந்தவர்களுக்குக் கொடுத்தார். என் மரத்தில் குழந்தையின் தலை அளவு காய்கள் தொங்கின. மேலெல்லாம் முண்டும் முடிச்சும். ஒன்றை வெட்டினேன். ஒரு விரல் தடிமனுக்கு வெள்ளைச் சதை, நடுவே கொஞ்சமாகப் புளித்த சுளை, நிறைய விதை. நார்த்தங்காய்.

அடுத்த நடையில் கொழுந்தன் மலைத்தோட்டத்துக்காரரிடம் கேட்டுவந்து சொன்னார். ஆரஞ்சுக்குக் காலில் பலம் போதாதாம். அதனால் நார்த்தையின் வேரும் அடித்தண்டும் வைத்து, அதில் ஆரஞ்சின் பட்டையோடு ஒரு கண்ணை எடுத்துச் சொருகி ஒட்டுக்கட்டுவார்களாம். கட்டுக்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டுமாம். மேலே இருந்த ஆரஞ்சை ஆடு தின்றுவிட்டது. கீழே இருந்த நார்த்தையை நான் எரு வைத்து வளர்த்திருந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர்தான் அதிகம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசம்.

சிரித்தவர்கள்தான் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். காய்ச்சல் விட்டு நாக்குச் செத்துப் போனவனுக்கு ஒரு காய். பித்தத்தில் தலைசுற்றுகிறவளுக்கு ஒன்று. மோருக்குப் போட நாலு இலை, இலையைக் காம்பும் நரம்பும் நீக்கி மிளகாய், உப்பு, பெருங்காயத்தோடு இடித்து உருட்டி வைத்துக்கொள்ள ஒரு கொத்து. பிள்ளைகள் வெள்ளைச் சதையை வெல்லத்தோடு தின்றார்கள். ஆரஞ்சு பதினொன்றோடு தீர்ந்துபோயிற்று. என் மரம் நாற்பது ஐம்பது என்று கொடுத்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து என் வீட்டுக்காரரை ஒரு பெரிய பீங்கான் ஜாடி வாங்கி வரச் சொல்லி, உப்பு நார்த்தங்காய் போட ஆரம்பித்தேன். அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல எனக்கு இருந்தது அந்த ஜாடி ஒன்றுதான்.

உப்பு நார்த்தங்காயில் வேலை எல்லாம் வெட்டுவதில் இருக்கிறது. முற்றி, லேசாக மஞ்சள் தட்டின காயை எடுத்து, காம்புப் பக்கம் சூரிக்கத்தியைக் கொடுத்து, அறுந்துவிடாமல் சுற்றிச் சுற்றி அடிவரை கொண்டுபோக வேண்டும். பிடித்து இழுத்தால் சுருளாக நீள வேண்டும், விட்டால் பழையபடி காயாகக் கூடிக்கொள்ள வேண்டும். அந்தச் சுருளுக்குள் கல்லுப்பை அடைத்து ஜாடியில் போட்டு, காய் தண்ணீர் விட்டதும் பகலில் வெயிலில் காயவைத்து, சாயந்தரம் மறுபடி அந்த உப்புத் தண்ணீரிலேயே போட வேண்டும். தண்ணீர் முழுக்கக் காயே குடித்து முடிக்கிறவரை இப்படி. நடுவில் சுருள் அறுந்தால் அந்த இடத்தில் உப்பு நிற்காது.

எனக்கு இடது கைப் பழக்கம். ஒரட்டாங்கை என்பார்கள் எங்கள் பக்கத்தில். சோறு தின்ன, கோலம் போட, விளக்கேற்ற எல்லாம் அடித்து அடித்து வலது கைக்கு மாற்றியிருந்தார்கள். கத்தி மட்டும் மாறவில்லை. எடுத்துவைக்கிற பண்டத்தில் ஒரட்டாங்கை படக்கூடாது, பட்டால் கெட்டுப்போகும் என்பது மாமியாரின் கட்டளை. வலது கையால் வெட்டினால் எனக்கு மூன்றாம் சுற்றில் அறுந்துவிடும். அதனால் மாடு கட்டும் சாளைக்குள் கூடையைக் கொண்டுபோய் யாரும் பார்க்காமல் இடது கையால் வெட்டினேன். ஒன்றுகூட அறுந்ததில்லை. ஆனால் நான் வெட்டிய சுருள் மற்றவர்கள் சுருளுக்கு எதிர்ப்பக்கமாக ஓடும். இரண்டாம் வருஷம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த ஒன்றை எடுத்து மாமியார் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டார். கம்மஞ்சோற்றுக்கு அதைத் தொட்டுக்கொள்ளவும் இல்லை, மற்றவர்கள் தொட்டுக்கொள்வதைத் தடுக்கவும் இல்லை.

அதற்குள் அவளுடைய ஆரஞ்சு மரம் அடியில் பிசின் வடிந்து, ஒரு பங்குனி வெயிலில் பட்டுப்போயிற்று. அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். நான் அன்றைக்கு ஒரு கை கூடுதலாகச் சாப்பிட்டேன் என்பதை இங்கே எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

அடுத்த சித்திரையில் அவள் முழுகாமல் இருந்தாள்.

சேதி தெரிந்த அன்று நான் கிணற்றுமேட்டில் துவைத்துக்கொண்டிருந்தேன். ஒரே சேலையைக் கல்லில் அடித்துக்கொண்டே இருந்தேன், கரை கிழிகிறவரை. எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் எல்லாரும் என் முகத்தைப் பார்க்காமல் பேசப் பழகினார்கள். பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அவளுக்கு மசக்கை கடுமையாக இருந்தது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. ராகிக்களி வாசம் பட்டாலே எழுந்து ஓடுவாள். ஒரு வாரத்தில் கன்னம் ஒட்டிவிட்டது. ஒரு நாள் முற்பகலில் அடுப்படி வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“அக்கா, பழைய நார்த்தங்கா ஒரு துண்டு குடுங்க. வாய்ல அதக்கிக்கறேன். அது ஒண்ணு இருந்தா நிக்கும்னு தோணுது.”

இரண்டு வருஷத்துக் காய் அது. கறுத்து, மிருதுவாகி, வாயில் போட்டால் கரைகிற பதத்தில் ஜாடியில் பாதிக்கு இருந்தது. எனக்கு என்ன வந்ததோ, கொஞ்சம்கூட யோசிக்காமல் சொன்னேன், பூஞ்சாளம் பிடித்துக் கெட்டுப்போயிற்று என்று. உனக்கு ஆரஞ்சு, உனக்குச் சாமி, உனக்குப் பிள்ளை, இதையும் உனக்கே கொடுக்க வேண்டுமா என்பதுதான் என் நினைப்பு. மசக்கைக்காரி வாய்விட்டுக் கேட்டதை இல்லை என்று சொன்ன ஒருத்தியை எங்கள் ஊரில் மனுஷியாகவே மதிக்க மாட்டார்கள். எனக்கும் அது தெரியும்.

உள்ளே இருந்த மாமியாருக்குக் காது நன்றாகக் கேட்கும், கண்ணில்தான் புரை. ஜாடியை எடுத்து வா என்றார். எடுத்துவந்து மூடியைத் திறந்து காட்டினேன். பழைய காயின் மேல் உப்புப் பூத்து வெள்ளையாகப் படிந்திருக்கும், அது கெட்டதுக்கு அடையாளம் இல்லை, நன்றாக ஊறியதற்கு அடையாளம். ஒன்றை வாயில் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் என் ஒரட்டாங்கை பட்டதை அவர் எப்போதும் தொட்டதில்லை. வெள்ளையை மட்டும் பார்த்தார்.

“ஒரட்டாங்கையில அறுத்தா பின்ன கெடாம என்ன பண்ணும்? நான் அன்னைக்கே பார்த்தேன், உம் மனசு நோவுமேன்னு உட்டுட்டேன். கொண்டுபோய்க் குப்பையில கொட்டு புள்ள. இனி இந்த ஊட்டுல ஊறுகா வேல உனக்கு வேண்டாம்.”

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கெடவில்லை, தின்று பாருங்கள் என்று சொன்னால் என் கை பிழைத்தது, ஆனால் என் பொய் வெளியே வந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன். மூன்று வருஷமாக ஒரு காயும் கெடாமல் போட்டுக் காட்டிய கையை ஒரே நிமிஷத்தில் நானே கெட்ட கை ஆக்கினேன். எருக்குழிக்குப் போய், ஓரத்தில் குவித்திருந்த காய்ந்த கடலைக்கொடியின் மேல் ஜாடியைக் கவிழ்த்தேன். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். அவள் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலைந்து நாளில் அவளுக்கு வாந்தி மட்டுப்பட்டது. கன்னம் தேறியது. தன் அண்ணன் வீட்டிலிருந்து வந்த எலுமிச்சைதான் காரணம் என்று மாமியார் சொன்னார். மார்கழியில் ஆண் குழந்தை பிறந்தது. ஜாடி அவள் கைக்குப் போயிற்று. அவள் வலது கையால் வெட்டினாள், பாதிக்குப் பாதி அறுந்தது, எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். என் மரத்துக் காய், என் ஜாடி, அவள் கை. நான் அதைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் போய், எல்லாரும் நம்பிக்கையை விட்டபிறகு, எனக்கும் நாள் தள்ளிப்போயிற்று. பதினோராவது வருஷம். சந்தோஷப்படக்கூட நேரம் இல்லாமல் மசக்கை பிடித்துக்கொண்டது. அவளுக்கு வந்ததைப்போல இரண்டு மடங்கு. நாலாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. வைத்தியர் வந்து, இப்படியே வயிற்றில் எதுவும் தங்காமல் போனால் கரு நிற்காது என்று மாமியாரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. மாமியார் அவள் போட்ட நார்த்தங்காயைக் கிண்ணத்தில் வைத்து அனுப்பினார். நான் கிண்ணத்தைத் தள்ளிவிட்டேன். அந்த நிலையிலும் அவள் கை பட்டதைத் தின்று பிழைக்க எனக்கு மனசு வரவில்லை. என் வீட்டுக்காரர் கெஞ்சினார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை அவள் வந்து என் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே ஆறு நார்த்தங்காய் இருந்தன. கரிக்கட்டை போலக் கறுத்து, மேலே வெள்ளையாக உப்புப் பூத்து. நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

“நான் போட்டதில்லீங்க அக்கா. சுத்து எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க.”

பார்த்தேன். ஒன்றை எடுத்து இழுத்தேன். அறுபடாமல் நீண்டது, எல்லாருடைய சுருளுக்கும் எதிர்ப்பக்கமாக.

“கெட்டுப்போனதுதான்,” என்றாள். “அன்னைக்குச் சாயந்தரமே கடலைக்கொடி மேல இருந்து பொறுக்கிக் கழுவிக் காயவெச்சேன். மூணு மாசம் இதைத் தின்னுதான் எம்பையன் நின்னான். எனக்கு ஒண்ணும் ஆவல. உங்களுக்கும் ஆவாது, தின்னுங்க.”

குரலில் கோபம் இல்லை. என்னைக் குத்துவதற்காகச் சொன்னாளா, தேற்றுவதற்காகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு துண்டு பிய்த்து என் வாயில் வைத்தாள். உப்பும் கசப்பும் புளிப்பும் நாக்கில் இறங்க, நாலு நாளைக்குப் பிறகு முதல்முறையாக எச்சிலை விழுங்கினேன். அது தங்கிற்று. அரை மணி கழித்துக் கஞ்சி கேட்டேன்.

எனக்காகவா இரண்டு வருஷம் பத்திரப்படுத்தினாய் என்று கேட்டேன். ஆமாம் என்றிருந்தால் அவளை வெறுக்க ஒரு வழி இருந்திருக்கும், இவ்வளவு நல்லவளாக யாராவது இருப்பார்களா என்று. அவள் பொய் சொல்லவில்லை.

“இல்லீங்க. என்ற ரெண்டாவது புள்ளைக்குன்னு வெச்சிருந்தேன்.”

ஆரஞ்சுக்குப் பட்டது, சாமிக்குப் பட்டது, பிள்ளைக்குப் பட்டது எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் காலையில் பட்ட பொறாமைதான் பெரியது. இடம் மாறி இருந்திருந்தால் நான் அந்த முடிச்சை அவிழ்த்திருக்க மாட்டேன். படுத்தபடியே அழுதேன். அவள் மசக்கை அழுகை என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். மிச்சம் ஐந்தையும் நானே தின்றேன். ஒன்றை அவளுக்காக எடுத்துவைக்கவில்லை.

என்ன கொடுத்தாய் என்று மாமியார் கேட்டபோது, ‘அக்கா முந்தி போட்டதுல கொஞ்சம் காய் எங்கிட்டக் கெடந்துச்சு அத்தை, அதுதான் நின்னுச்சு’ என்று மட்டும் சொன்னாள். குப்பையைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்குச் சுருள் வரமாட்டேன் என்கிறது, ஊறுகாய் வேலையை அக்காவே பார்க்கட்டும் என்றும் சொன்னாள். மாமியார் சரி என்றார். அந்த வருஷம் காய் இறங்கியபோது மாட்டுச்சாளைக்குப் போகாமல் முற்றத்திலேயே உட்கார்ந்து இடது கையால் வெட்டினேன்.

என் மகளுக்கு ஒரு வயது முடிந்தபோது அவளுக்கு மறுபடி மசக்கை வந்தது. அவள் கேட்பதற்கு முன்பே ஜாடியைத் திறந்தேன். என் கை முதலில் போனது இருந்ததிலேயே சின்னக் காய்க்குத்தான். அதைத் திரும்பப் போட்டுவிட்டுப் பெரியதாகப் பார்த்து எடுத்தேன்.